ரிஃபார்மர் மேல் வேறு ஆள், தரையில் பழைய ஆள்: நாள்பட்ட இடுப்புவலி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். எங்கள் சிகிச்சை அறையில் இரண்டு ரிஃபார்மர்கள் இருக்கின்றன. உடலை நிதானமாகக் கட்டுப்படுத்தி அசைக்கும் பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி முறைக்கான ஸ்பிரிங் வைத்த கருவி அது. "அதுல செஞ்சா நல்லதா?" என்று வாரம் ஒருவராவது கேட்காமல் இருப்பதில்லை. ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிந்ததே இல்லை. அதனால் ஒருவருக்கு நடந்ததை முழுவதுமாக எழுதி வைக்கிறேன். பலன் கிடைத்தது, நடுவில் நான் ஒரு தவறும் செய்தேன். இரண்டும் இதில் இருக்கின்றன. சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

## பின்னணி

அவர் 52 வயதுப் பெண்மணி. அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை, நாள் முழுக்க நாற்காலி. எங்களிடம் வந்தபோது இடுப்புவலி தொடங்கி 14 மாதம் ஆகியிருந்தது. ஈரத்துணி நிறைந்த கூடையைத் தூக்கிய அன்று பிடித்துக்கொண்ட வலி மூன்று வாரத்தில் குறைந்தது. அப்புறம் மாதம் ஒருமுறை, இரண்டுமுறை என்று திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் போகாமலே தங்கிவிட்டது.

ஸ்கேன் அறிக்கையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு (டிஸ்க்) சற்றே பிதுங்கியிருக்கிறது என்று அதில் இருந்தது. அந்த ஒரு வரியை அவர் பலமுறை படித்திருப்பது தாளின் மடிப்பிலேயே தெரிந்தது. 50 வயதில், வலி என்பதே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்தாலும் சுமார் 60 சதவீதம் பேருக்கு வட்டு பிதுங்கியிருக்கும். இதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லப்பட்டதெல்லாம் "குனியாதீங்க, எடை தூக்காதீங்க, பெல்ட் போட்டுக்கோங்க" என்பதுதான். அதை அவர் அப்படியே கடைப்பிடித்தார். காலையில் கட்டிய பெல்ட்டை இரவில்தான் கழற்றுவார்.

14 மாதத்தில் அவர் கைவிட்டவற்றை எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் நிரம்பியது. மாலை நடை, தரையில் உட்காருவது, கீழ்த்தட்டு அலமாரியைத் திறப்பது, பேருந்தில் போவது. கடைசி வரியில் பேரனைத் தூக்குவது. அந்தக் குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது, 11 கிலோ. அவர் வந்த காரணமே அந்தக் கடைசி வரிதான்.

ரிஃபார்மர் பற்றி மகள் மூலம் கேள்விப்பட்டிருந்தார். "என் பொண்ணு போற கிளாஸ்ல கட்டில் மாதிரி ஒரு மெஷின் இருக்காம். படுத்துக்கிட்டே செய்யலாம்னு சொல்றா. எனக்கு அது ஒத்து வருமாம்மா?" என்று கேட்டார். படுத்துக்கொண்டே என்ற சொல்லில்தான் அவருடைய நம்பிக்கை முழுவதும் இருந்தது.

## முதல் சந்திப்பில் பார்த்தவை

முதலில் ஆபத்துக்கான அறிகுறிகளை விலக்கியாக வேண்டும். இரவில் தூங்கவிடாமல் எழுப்பும் வலி, காரணமில்லாத எடைக்குறைவு, காய்ச்சல், சிறுநீர் மலம் கட்டுப்பாட்டை இழப்பது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, நாளுக்கு நாள் கூடும் கால் பலவீனம், முன்பு புற்றுநோய் வந்தது, எலும்பின் அடர்த்தி குறையும் எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்). ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதுவும் இல்லை. காலின் பலம், உணர்வு, அனிச்சைச் செயல்கள் எல்லாம் சரியாக இருந்தன. கால்களை நேராக உயர்த்தியபோது வலி காலுக்குள் இறங்கவில்லை. ஆக, குறிப்பிட்ட காரணம் ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாத நாள்பட்ட இடுப்புவலி என்ற வகைதான். பெரும்பாலான இடுப்புவலிகள் இந்த வகைதான்.

அளவுகள்: கடந்த ஒரு வாரத்தின் சராசரி வலி 10க்கு 6. அன்றாட வாழ்க்கை எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பதை அளக்கும் ஆஸ்வெஸ்ட்ரி வினாத்தாளில் 38 சதவீதம். முன்னால் குனிந்தால் விரல்நுனிக்கும் தரைக்கும் 31 செ.மீ. இடைவெளி. குப்புறப் படுத்து, கட்டிலுக்கு வெளியே உடலின் மேல்பாதியை நேராகத் தாங்கிப் பிடிக்கும் சோதனையில் 34 நொடி. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 நொடியில் 9 முறை எழுந்தார். 60 வயதைத் தாண்டிய பெண்களிடமே 12க்குக் கீழே போனால் குறைவு என்றுதான் கணக்கிடுவோம்.

எண்களைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. கையெழுத்துப் போட்ட பேனா தவறிக் கீழே விழுந்தது. எடுக்கப் போனவர் மூச்சை அடக்கினார், ஒரு கையால் மேசையைப் பிடித்தார், முதுகைக் கம்பிபோல் விறைத்துக்கொண்டு முழங்காலை மட்டும் மடக்கி மெதுவாக இறங்கினார். நிமிர்ந்த பிறகுதான் மூச்சு விட்டார்.

"வலிச்சுதா?" என்று கேட்டேன்.

"இல்ல. வலிச்சிடுமோன்னுதான்."

## ஏன் ரிஃபார்மர் என்று முடிவு செய்தேன்

ரிஃபார்மரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமான ஒரு சட்டம். அதற்குள் தண்டவாளத்தில் ஓடுவதுபோல முன்னும் பின்னும் நகரும் மெத்தைப் பலகை. அதைத்தான் கேரேஜ் என்கிறோம். கேரேஜின் அடியில் நான்கோ ஐந்தோ ஸ்பிரிங்குகள். தேவையான அளவுக்கு மாட்டலாம், கழற்றலாம். ஒரு முனையில் காலையோ கையையோ வைத்துத் தள்ள ஒரு கம்பி. மறுமுனையில் கப்பி வழியாக வரும் கயிறுகள், அவற்றின் நுனியில் கை, கால் மாட்டும் பட்டைகள். படுத்து, உட்கார்ந்து, மண்டியிட்டு, நின்று எப்படி வேண்டுமானாலும் பயிற்சி செய்யலாம்.

இதை வடிவமைத்தவர் ஜெர்மனியில் 1883இல் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் தடுப்பு முகாமில் இருந்தவர். அங்கே படுக்கையில் கிடந்தவர்களுக்காகக் கட்டிலில் ஸ்பிரிங்குகளைக் கட்டிப் பயிற்சி கொடுத்ததுதான் இதன் தொடக்கம் என்ற கதை பிலாட்டீஸ் வட்டாரத்தில் எல்லோர் வாயிலும் இருக்கும். பின்னர் நியூயார்க்கில் கூடம் நடத்தினார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் கான்ட்ராலஜி, அதாவது கட்டுப்பாட்டுக் கலை. 'பிலாட்டீஸ்' என்ற பெயர் அதற்குப் பிறகு நிலைத்தது.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, இடுப்புவலிக்கு பிலாட்டீஸ் பற்றி 2015இல் வெளியிட்ட மறுஆய்வு, 510 பேர் பங்கேற்ற 10 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. ஒன்றும் செய்யாமலோ ஏதோ கொஞ்சம் அறிவுரையோடோ இருப்பதைவிட பிலாட்டீஸ் வலியையும் முடக்கத்தையும் குறைக்கிறது, ஆனால் மற்ற உடற்பயிற்சிகளை அது மிஞ்சுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதுதான் அதன் முடிவு. ஆகவே இந்த இயந்திரத்தில் மந்திரம் எதுவும் இல்லை. தரையில் பாய் விரித்துச் செய்யும் பிலாட்டீஸையும் கருவியில் செய்வதையும் 86 பேரிடம் ஒப்பிட்ட சோதனை ஒன்று 2014இல் வந்தது. ஆறு வாரப் பயிற்சி முடிந்த கையோடு பார்த்தபோது இரண்டு குழுவும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருந்தன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முடக்கத்திலும் அசைவைக் கண்டு பயப்படுவதிலும் கருவிக் குழு சற்று முன்னால் நின்றது.

அசைவைக் கண்டு பயம் என்ற அந்தச் சொல்தான் என்னை யோசிக்க வைத்தது. பேனாவை எடுக்க மூச்சை அடக்கியவர் கண்முன் உட்கார்ந்திருக்கிறார்.

அவரைத் தரையில் பாய் விரித்துப் படுக்கச் சொன்னால், தரைக்கு இறங்குவதே அவருக்கு முதல் சோதனை. நின்று உட்கார்ந்து எழும் பயிற்சி கொடுத்தால் அவருடைய முழு எடையும் சுமையாகிவிடும், அதைக் குறைக்க வழியில்லை. ரிஃபார்மரில் படுத்துக் கம்பியைக் காலால் தள்ளுவதும் அதே உட்கார்ந்து எழும் அசைவுதான். முதுகு மெத்தையில் சாய்ந்திருக்கும். சுமை உடல் எடையல்ல, மாட்டிய ஸ்பிரிங் எவ்வளவோ அவ்வளவுதான். ஸ்பிரிங்கை இழுக்க இழுக்கத்தான் அதன் விசை கூடும். அதனால் அசைவின் தொடக்கம் மென்மையாக இருக்கும், கால் நன்றாக நீண்டு வலுவான நிலைக்கு வரும்போதுதான் சுமை முழுசாக ஏறும். பயந்த உடம்புக்கு இது தோதான வரிசை.

இன்னொன்று, திரும்பி வரும் பாதை. கேரேஜைத் தள்ளுவது எளிது. ஸ்பிரிங் அதை வெடுக்கென்று இழுக்கும்போது பிடித்துப் பிடித்துத் திரும்பக் கொண்டுவருவதில்தான் வேலை. நிதானம் தவறினால் கேரேஜ் தடுப்பில் போய் 'டக்' என்று இடிக்கும். நான் வாயைத் திறக்கவே வேண்டாம், இயந்திரமே சொல்லிவிடும்.

வாரம் இருமுறை, ஒவ்வொன்றும் 50 நிமிடம், 12 வாரம் என்று முடிவு செய்தோம். கூடவே தினமும் 10 நிமிட நடை என்று சொல்லி அனுப்பினேன். சொன்னதோடு விட்டுவிட்டேன், அதைப் பிறகு பார்ப்போம். பெல்ட்டை உடனே கழற்றச் சொல்லவில்லை. பயிற்சி நேரத்தில் மட்டும் கழற்றினால் போதும் என்றேன்.

## முதல் மூன்று வாரம்

முதல் நாள் பாதி நேரம் ஏறுவதற்கும் இறங்குவதற்குமே போனது. இது வீணல்ல. கேரேஜ் நகரும் பொருள். ஸ்பிரிங் மாட்டாமலோ லேசாக மாட்டியோ அதன்மேல் காலை வைத்தால் பலகை ஓடிவிடும், ஆள் விழுவார். கனமான ஸ்பிரிங் மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, கம்பியைப் பிடித்து, ஓரத்தில் உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து படுப்பது. எழும்போது அதே வழியில் திரும்பி வருவது. ரிஃபார்மர் விபத்துகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் பயிற்சியின் நடுவில் நடந்தவை அல்ல, ஏறி இறங்கும்போது நடந்தவை.

பயிற்சிகள் எளியவை. படுத்துக்கொண்டு கம்பியில் பாதத்தை வைத்துத் தள்ளுவது. குதிகால், முன்பாதம், கால்விரிப்பு என மூன்று நிலை. மூன்று கனமான ஸ்பிரிங்குகள். அப்புறம் கால்களைப் பட்டையில் மாட்டிக் கயிற்றின் தாங்கலில் வட்டம் போடுவது. கைப்பட்டைகளைப் பிடித்துக் கீழே அழுத்துவது. கேரேஜ் நகராமல் இருக்க, கம்பியில் கால் ஊன்றி இடுப்பை உயர்த்துவது.

கால்வட்டம்தான் எனக்கே ஆச்சரியம் தந்தது. நின்று குனிந்தால் தரைக்கு 31 செ.மீ. மேலேயே நின்றுவிடுபவர், பட்டையில் கால் தொங்கியதும் தொடையை வயிற்றுப் பக்கம் தாராளமாகக் கொண்டுவந்தார். இடுப்பு மூட்டில் அசைவு இருந்தது. முதுகும் வளைந்து கொடுத்தது. இல்லாமல் போனது அனுமதி மட்டும்தான். "பாருங்க, இப்போ நீங்க குனிஞ்சுதான் இருக்கீங்க, மல்லாக்கப் படுத்துக் குனிஞ்சிருக்கீங்க" என்றேன். அவர் கொஞ்சநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அது உடையாதா?" என்று கேட்டார். 14 மாதமாக அவர் மனதில் இருந்த கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வாரக் கடைசியில் சராசரி வலி 6லிருந்து 4 ஆனது. கேரேஜ் ஓசையில்லாமல் திரும்பியது. அலுவலகத்தில் பெல்ட்டைப் பாதிநாள் கழற்றி வைப்பதாகச் சொன்னார். மூன்று வாரத்தில் தசை ஒன்றும் பெரிதாக வளர்ந்துவிடாது. இந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு பயம் விலகியதால் வந்தது என்றே கணிக்கிறேன்.

## நான்காவது வாரம்: என் தவறு

நன்றாகப் போகும்போது அவசரப்படுவது எங்கள் தொழிலில் பழைய நோய். எனக்கும் அது உண்டு.

நான்காவது வாரத்தின் இரண்டாவது அமர்வில், படுத்த நிலையிலிருந்து நேராகக் கேரேஜ் மேல் மண்டியிட வைத்தேன். கைகள் கம்பியில், முழங்கால்கள் கேரேஜில். தொடையால் பலகையைப் பின்னுக்குத் தள்ளி, திரும்ப உள்ளே இழுக்க வேண்டும். புதிய நிலை ஆயிற்றே, லேசாக இருக்கட்டும் என்று ஒரே ஒரு லேசான ஸ்பிரிங்.

இங்கேதான் ரிஃபார்மரின் சூட்சுமம் இருக்கிறது. படுத்துத் தள்ளும்போது ஸ்பிரிங் குறைந்தால் வேலை குறையும். மண்டியிட்டோ, கையும் காலும் ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பிளாங்க் நிலையிலோ செய்யும்போது ஸ்பிரிங் குறையக் குறைய வேலை கூடும். ஏனென்றால் அங்கே ஸ்பிரிங் சுமையல்ல, ஊன்றுகோல். அது பலகையை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதைக் கழற்றினால் ஓடும் பலகையை வயிறும் இடுப்பும்தான் பிடித்து நிறுத்த வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல, மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். ஆனாலும் அன்று அவர் "லேசா ஆரம்பிங்கம்மா" என்றபோது என் கை தானாக லேசான ஸ்பிரிங்கிடம் போனது.

எட்டு முறை செய்தார். ஐந்தாவதிலிருந்து கேரேஜ் 'டக்', 'டக்' என்று இடித்தது. கேட்டேன். பழகிவிடுவார் என்று விட்டுவிட்டேன். கடைசி இரண்டில் பலகை வெளியே ஓடியபோது இடுப்பு தொய்ந்து வளைந்ததையும் பார்த்தேன். அதன் பிறகும் நிறுத்தாமல் இன்னொரு சுற்று செய்யவைத்தேன்.

மறுநாள் காலை போன் வந்தது. வலி 10க்கு 7. ஐந்து நாள் நீடித்தது. பெல்ட் திரும்பவும் முழுநாள் ஆனது. "நான் முன்னாடியே சொன்னேன்ல, என் இடுப்புக்கு இதெல்லாம் ஆகாது" என்றார். கோபம் இல்லை, சலிப்புதான். அதைக் கேட்பது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

நியாயமாக இன்னொன்றையும் குறித்தாக வேண்டும். அமர்வுக்கு முந்தைய நாள் அவர் நான்கு மணிநேரம் உட்கார்ந்தே பயணம் செய்திருந்தார், அன்றிரவு சரியாகத் தூங்கவும் இல்லை. வலி ஏறியதற்கு அவையும் காரணமாக இருக்கலாம். ஆனால் அவற்றையும் அன்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

## திருத்தியது

நிறுத்துவதா, தொடர்வதா? நிறுத்தினால் "அசைந்தால் உடையும்" என்ற பழைய பாடம் உறுதியாகிவிடும். திரும்பப் பரிசோதித்தேன். காலில் புதிய அறிகுறி எதுவும் இல்லை. நடந்ததை மழுப்பாமல் சொன்னேன்: "உங்க இடுப்பு மேல தப்பு இல்ல. நான் ஸ்பிரிங்கைத் தப்பா போட்டேன், சீக்கிரமும் போட்டேன்." இதைச் சொன்னது பயிற்சியைவிட அதிக வேலை செய்ததோ என்று இப்போதும் தோன்றுகிறது.

ஐந்தாவது வாரம் முழுக்க படுத்த நிலைக்கே திரும்பினோம். ஆறாவது வாரத்தில் மண்டியிடுதல் மீண்டும் வந்தது, இம்முறை இரண்டு நடுத்தர ஸ்பிரிங்குகளோடு, பாதித் தூரம் மட்டும், ஐந்தே முறை. புதிதாக ஒரு விதியும் வைத்தோம். 'டக்' சத்தம் இரண்டு முறை கேட்டால் அந்தப் பயிற்சி அன்றைக்கு அவ்வளவுதான். எண்ணிக்கை முடிந்ததா என்பது கணக்கில்லை. எண்ணும் பொறுப்பை அவரிடமே கொடுத்தேன். கணக்கர் அல்லவா, என்னைவிடக் கறாராக இருந்தார்.

எட்டாவது வாரத்துக்குள், உட்கார்ந்த நிலையில் பக்கவாட்டுச் சாய்வு, ஒரு கால் தரையில் ஒரு கால் கேரேஜில் வைத்துத் தள்ளுவது வரை வந்தார். வலி 3.

## எட்டாவது வாரம்: பை சொன்ன செய்தி

இடைக்கால மதிப்பீட்டுக்காக 5 கிலோ எடையுள்ள ஒரு பையைத் தரையில் வைத்து, தூக்கச் சொன்னேன். இயந்திரத்தில் அதைவிடப் பலமடங்கு விசையைச் சர்வசாதாரணமாகத் தள்ளிக்கொண்டிருந்தவர் அவர்.

மூச்சை அடக்கினார். கை மேசையைத் தேடியது. முதுகு கம்பியானது. முதல் நாள் பேனாவை எடுத்த அதே காட்சி.

பையை வைத்துவிட்டு அவரே சிரித்தார். "அந்த மெஷின் மேல நான் வேற ஆளும்மா. கீழ இறங்கினா பழைய ஆளுதான்."

அவர் இடுப்பு மூட்டை மடக்கக் கற்றுக்கொண்டது மல்லாந்து படுத்து, முதுகுக்கு மெத்தையும் தோளுக்குத் தடுப்பும் இருக்கும் இடத்தில். அந்தத் தாங்கல் இல்லாத இடத்துக்கு அந்தப் பாடம் தானாக நடந்து வந்துவிடவில்லை. நான் எட்டு வாரமாக இதைக் கவனிக்காமல், கேரேஜ் சத்தமில்லாமல் ஓடுவதை மட்டும் ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒன்பதாவது வாரத்திலிருந்து அமர்வை இரண்டாகப் பிரித்தோம். முதல் 25 நிமிடம் ரிஃபார்மர், அடுத்த 25 நிமிடம் தரை. இயந்திரத்தில் செய்த ஒவ்வொன்றுக்கும் உடனே தரையில் ஒரு ஜோடி. படுத்துக் கம்பியைத் தள்ளியதும், நாற்காலியிலிருந்து எழுவது. பட்டையில் காலை மடக்கியதும், நின்று இடுப்பு மூட்டிலிருந்து குனிந்து பையைத் தொடுவது. மண்டியிட்டுத் தள்ளியதும், தரையில் தவழும் நிலையில் கையையும் காலையும் மாற்றி நீட்டுவது. பை 2 கிலோவில் தொடங்கி வாரம் 2, 3 கிலோ ஏறியது. தூக்கும்போது வாய்விட்டு எண்ணச் சொன்னேன், எண்ணும்போது மூச்சை அடக்க முடியாது.

நடையை விசாரித்ததும் அப்போதுதான். தினமும் 10 நிமிடம் என்று முதல் நாள் சொன்னது வாரம் இரண்டு நாளாகச் சுருங்கியிருந்தது. "அதான் வாரம் ரெண்டு தடவை இங்க வர்றேனே" என்றார். ரிஃபார்மர் பெரும்பாலும் படுத்து நிதானமாகச் செய்வது. இதயத்துக்குத் தேவையான உழைப்பு அதில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதற்குமேல் வாரம் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி. ரிஃபார்மர் இந்த இரண்டாவது பகுதிக்கு உதவும், முதல் பகுதிக்கு ஈடாகாது. நடையைத் தாளில் குறித்துவரச் சொன்னேன்.

## 12 வாரத்துக்குப் பின்

24 அமர்வுகளில் 21க்கு வந்தார். சராசரி வலி 6லிருந்து 2. ஆஸ்வெஸ்ட்ரி 38லிருந்து 18 சதவீதம். இதில் 10 புள்ளி குறைந்தாலே பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்பார்கள். விரல்நுனிக்கும் தரைக்கும் இடைவெளி 14 செ.மீ. மேலுடலைத் தாங்கிப் பிடித்தது 71 நொடி. 30 நொடியில் 14 முறை எழுந்தார். பெல்ட் அலமாரிக்குப் போய்விட்டது.

மாறாதவையும் உண்டு. எடை அரைக்கிலோகூடக் குறையவில்லை. மகளுக்குக் குறைந்ததே என்று அவருக்கு ஒரு மனக்குறை. மகள் ஓடவும் செய்கிறார், உணவையும் மாற்றியிருக்கிறார் என்று விளக்கினேன், முகம் அவ்வளவாகத் தெளியவில்லை. ஒருமணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார்ந்தால் வலி எட்டிப்பார்ப்பதும் நிற்கவில்லை, எழுந்து நடந்தால் போய்விடுகிறது என்ற வித்தியாசம் மட்டும்தான். மாதவிடாய் நின்ற வயதில் எலும்பின் உறுதிக்கு நின்று எடை தாங்கும் பயிற்சி வேண்டும். படுத்துச் செய்வது அதற்குப் போதாது என்பதையும் சொல்லி, பைப் பயிற்சியை வீட்டில் தொடரச் சொன்னேன்.

இது ஒரே ஒருவரின் கதை. ஒப்பிட ஆள் இல்லை. காலப்போக்கில் தானாகக் குறைந்ததும், வாரம் இருமுறை ஒருவர் பக்கத்தில் நின்று கவனித்ததும் இந்த எண்களில் கலந்திருக்கும். இயந்திரத்தின் பங்கை மட்டும் பிரித்தெடுத்துக் காட்ட என்னால் முடியாது.

## இப்போது செய்தால் எதை மாற்றுவேன்

முதல் வாரத்திலிருந்தே அமர்வின் கடைசி 10 நிமிடத்தைத் தரைக்கு ஒதுக்குவேன். ஒன்பதாவது வாரம் வரை காத்திருந்ததற்கு எந்த நியாயமும் இல்லை. பேனாவை எடுத்த விதத்தை முதல் நாளே பார்த்தவள், அதையே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோதித்திருக்கலாம். வினாத்தாளைவிட அது நேரடியானது, அரை நிமிடம்கூட ஆகாது.

ஒரே நாளில் நிலையையும் ஸ்பிரிங்கையும் எண்ணிக்கையையும் சேர்த்து மாற்ற மாட்டேன். ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். 'லேசான ஸ்பிரிங்' என்ற சொல்லையே இப்போது விட்டுவிட்டேன். 'தாங்கல் அதிகம்', 'தாங்கல் குறைவு' என்றுதான் சொல்கிறேன், பயிற்சிக்கு வருபவர்களுக்கு அது சட்டென்று புரிகிறது. முந்தைய நாளின் தூக்கம், பயணம் இரண்டையும் அமர்வு தொடங்கும் முன் கேட்பது வழக்கமாகிவிட்டது.

நடையைச் சொல்லிவிட்டு மறந்ததும் என் தவறுதான். குறித்துவரச் சொன்ன வாரத்திலிருந்து அவர் நடந்தார். சொன்னால் மட்டும் போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதே முறையை எல்லோருக்கும் அப்படியே கொடுக்க முடியாது. எலும்புப்புரை உள்ளவர்களுக்கு, எடையோடு முதுகைச் சுருட்டும் பயிற்சிகள் ஆகாது. கட்டுப்படாத ரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ இருந்தால் இடுப்பைத் தலைக்கு மேலே தூக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குத் திட்டமே வேறு. கூட்டமான வகுப்பில் ஒரே பயிற்சியாளர் பத்துப் பேரைப் பார்க்கும் இடத்துக்கு, 14 மாத வலியோடு ஒருவரை முதல் நாளே அனுப்பமாட்டேன். இவரை 12 வாரத்துக்குப் பிறகுதான் மகளின் வகுப்புக்கு அனுப்பினேன், என்னென்ன வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து.

## ஆறு மாதம் கழித்து

போனில் பேசினோம். வகுப்புக்கு வாரம் ஒருமுறை போகிறார், நடை வாரம் ஐந்து நாள். நடுவில் ஒருமுறை வலி 5 வரை ஏறியிருக்கிறது. பெல்ட்டைத் தேடவில்லை, யாரிடமும் ஓடவில்லை, இரண்டு நாள் படுத்துச் செய்யும் பயிற்சிகளை மட்டும் செய்து, மூன்றாம் நாள் வழக்கத்துக்குத் திரும்பியிருக்கிறார்.

பேரனைப் பற்றிக் கேட்டேன்.

"தூக்குறேன். ஆனா அவன் இப்போ 13 கிலோ ஆயிட்டாம்மா. அந்தப் பையில இன்னும் ரெண்டு கிலோ போட்டுக்கட்டுமா?"

போடச் சொன்னேன்.